சூடேற்றிக்கு மூச்சு விட வழி விடுங்கள்

ஆறேழு மாதம் கும்பகர்ணன் போலத் தூங்கிய, வீட்டைச் சூடாக்கும் ஓர் இயந்திரத்தை, குளிர் எலும்பைத் துளைக்கும் இரவில் எழுப்பி, உடனே முழு வேகத்தில் ஓடச் சொல்கிறோம். அது முரண்டு பிடித்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் அது எழுந்து ஓடிவிடுகிறதே, அதுதான் வியப்பு. எழாத ஆண்டில், அதே இரவில் அதே ஊரில் இன்னும் பல வீடுகளிலும் இயந்திரங்கள் முரண்டு பிடித்திருக்கும். பழுதுபார்ப்பவரின் தொலைபேசி ஓயாமல் மணியடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் இரண்டு போர்வைக்குள் சுருண்டபடி உங்கள் முறைக்குக் காத்திருப்பீர்கள்.

அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போதே, சன்னலைத் திறந்துவைத்தாலும் நடுங்காத ஒரு நாளில், சூடேற்றியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி, அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எதை முகர்வது என்பதுதான்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் வீடு சூடாகவே இல்லை. இயந்திரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, டெக்னீஷியனை வரவழைத்தேன். அவர் இயந்திரம் இருந்த அறைப் பக்கமே போகவில்லை. அறையின் வெப்பநிலையைப் பார்த்து இயந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற, சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளை மாற்றிவிட்டு, வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவர்மேல் மரியாதை உண்டு.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

வீட்டைச் சூடாக்கும் அமைப்புகள் எத்தனையோ வடிவங்களில் வந்தாலும் அவற்றின் வேலை எளிமையானது. ஓரிடத்தில் வெப்பம் உண்டாக வேண்டும். அது எல்லா அறைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். எரிபொருளை எரித்து உண்டாக்கிய வெப்பம் என்றால், எரிந்த புகை வீட்டுக்குள் கலக்காமல் வெளியேற வேண்டும்.

அறைகளின் தரையிலோ சுவரிலோ கம்பித் தடுப்பு போட்ட துவாரங்கள் இருந்து, அவற்றிலிருந்து சூடான காற்று வீசினால், பெரும்பாலும் உங்களிடம் இருப்பது ஃபர்னஸ். எரிவாயுவையோ எண்ணெயையோ எரித்து, அல்லது மின்சாரத்தால், காற்றைச் சூடாக்கி, பெரிய விசிறி ஒன்றால் குழாய்ப்பாதைகள் வழியே வீடெங்கும் தள்ளுகிறது. காற்று வீசாமல், சன்னலுக்கடியில் இரும்புப் பலகை போன்ற ரேடியேட்டர்கள் இருந்தால், எங்கோ ஒரு மூலையில் பாய்லர் இருக்கிறது. பாய்லர் என்ற பெயர் இருந்தாலும் இன்றைய பெரும்பாலான வீடுகளில் அது தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை. நன்றாகச் சூடாக்கி, பம்பு ஒன்றால் சுற்றவிடுகிறது. வீட்டுக்கு வெளியே குளிர்சாதனத்தின் (ஏசியின்) வெளி அலகு போன்ற ஒன்று நின்றுகொண்டு, குளிர்காலத்திலும் அதன் விசிறி சுழன்றால் அது ஹீட் பம்ப். அது எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. உறைகுளிர்க் காற்றில் ஏது வெப்பம் என்று கேட்கத் தோன்றும். சுழியத்துக்குக் கீழ் 10 டிகிரிக் காற்றிலும் வெப்ப ஆற்றல் இருக்கத்தான் செய்கிறது. அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவத்தை அந்தக் காற்றில் காட்டினால் வெப்பம் அந்தத் திரவத்துக்குள் பாயும். அந்த வெப்பத்தை வாங்கி ஆவியான திரவத்தை அமுக்கி, இன்னும் சூடாக்கி, அதன் வெப்பத்தை உள்ளே விடுவதுதான் அந்த இயந்திரத்தின் சாமர்த்தியம்.

மூன்றுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. முதல் குளிரில் வரும் தொல்லைகளில் பல, ஏதோ உடைந்துபோனதால் வருவதில்லை. ஏதோ அடைத்துக்கொண்டதால் வருகின்றன. காற்றின் வழியில் தூசி, தண்ணீரின் வழியில் காற்று, புகையின் வழியில் பறவைக் கூடு, வடிநீரின் வழியில் அழுக்கு. குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்துவது என்றால், பெரும்பகுதி இந்த வழிகளைத் திறந்துவிடுவதுதான். அதில் பாதியை யாரும் செய்யலாம். மீதிக்கு, அதற்கென்று படித்தவர் வேண்டும். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதுதான் தொடக்கக்காரருக்கு அவசியமான அறிவு.

ஃபர்னஸ்: எல்லாம் ஃபில்டரில் தொடங்குகிறது

ஃபர்னஸுக்குள் திரும்பிவரும் காற்று முதலில் ஒரு ஃபில்டரைக் கடக்கிறது. நம் நுரையீரலுக்காகத்தான் அது இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வேலை, விசிறியையும், நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியையும் தூசியிலிருந்து காப்பது. நம் நுரையீரலுக்குக் கிடைப்பது உபரி நன்மை.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்; ஃபர்னஸின் பாதி நோய்களுக்கு இதுவே மூலம். உள்ளே நெருப்பு வழக்கம்போல் எரிகிறது. ஆனால் வெப்பத்தை எடுத்துச் செல்லப் போதிய காற்று வரவில்லை. வெப்பமாற்றி என்னும் உலோகப் பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிறது. அதைக் காவல் காக்கும் சுவிட்ச் ஒன்று நெருப்பை அணைத்துவிடுகிறது. கொஞ்சம் ஆறியதும் மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. வீட்டிலோ வெதுவெதுப்புகூட இல்லை. இயந்திரம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்பதைக் கேட்டால், வேறு எதையும் சந்தேகிக்கும் முன் ஃபில்டரை உருவிப் பாருங்கள். இப்படியே விட்டுவைத்தால் சூடாகியும் ஆறியும் களைத்த உலோகத்தில் காலப்போக்கில் விரிசல் விழலாம். அந்த விரிசல் ஏன் ஆபத்து என்பதைப் புகையைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

ஃபில்டரை மாற்றுவது மின்விளக்கை மாற்றுவதைவிடச் சுலபம். இயந்திரத்தை நிறுத்துங்கள். பழையதை உருவுங்கள். அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவையே புதிதிலும் வாங்குங்கள். புதியதன் சட்டத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காற்று போகும் திசையை, அதாவது ஃபர்னஸை நோக்கியதாக இருக்க வேண்டும். மெல்லிய ஃபில்டர்களைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பார்த்து, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுவது வழக்கம். நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் இன்னும் விரைவாக அடைக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவவில்லை என்றால் காற்றும் சிரமப்படுகிறது என்று பொருள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் மெர்வ் என்ற அளவீட்டோடு ஃபில்டர்களை அடுக்கியிருப்பார்கள். எண் கூடினால் இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். அப்படியானால் மிகப் பெரிய எண்ணே மிக நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் நெருக்கமான ஃபில்டர் காற்றையும் நெருக்கும். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ஃபர்னஸில் அதைப் போட்டால், புத்தம் புதிய ஃபில்டரோடேயே அடைப்பு நோயை வாங்கிவந்தது போலாகும். இயந்திரத்தின் கையேடு சொல்லும் எண்ணைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பயன்படுத்தாத அறைகளின் துவாரங்களை மூடிவிட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நானும் இரண்டு குளிர்காலங்கள் அப்படிச் செய்தவன்தான். ஃபர்னஸின் விசிறி வீடு முழுவதற்கும் கணக்குப் போட்டு அமைக்கப்பட்டது. துவாரங்களை மூடும்போது குழாய்ப்பாதையில் அழுத்தம் ஏறுகிறது, காற்று இடுக்குகள் வழியே பரணிலும் சுவருக்குள்ளும் கசிகிறது, இயந்திரமும் திணறுகிறது. எனவே எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். சோபாவோ கம்பளமோ எதையாவது மூடிக்கொண்டிருந்தால் நகர்த்துங்கள்.

ரேடியேட்டர்: தண்ணீருக்குள் சிக்கிய காற்று

ரேடியேட்டர் உள்ள வீடுகளில் தொல்லை தலைகீழானது. இங்கே காற்றுதான் எதிரி. குழாய்களில் சுற்றும் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று மெல்லப் பிரிந்து, ரேடியேட்டரின் மேல்பகுதியில் தங்கிவிடுகிறது. சுடுநீர் அங்கே ஏற முடியாது. சோதனை ஓட்டத்தின்போது ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலும் கீழுமாகத் தடவிப் பாருங்கள். கீழே சூடு, மேலே குளிர் என்றால் காற்று சிக்கியிருக்கிறது. மேலே சூடு, கீழே நடுப்பகுதியில் குளிர் என்றால் கதை வேறு: இரும்பு அரித்துண்டான கறுப்புச் சேறு அடியில் படிந்திருக்கிறது. முன்னதை நீங்களே சரிசெய்யலாம். பின்னதுக்கு அமைப்பையே அலசிக் கழுவ வேண்டியிருக்கும். அது தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டியது. சில வேளை ஒரு ரேடியேட்டர் முழுவதுமே குளிர்ந்து கிடக்கும். பெரும்பாலும் அதன் வெப்பக்கட்டுப்பாட்டு வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசி, கோடையெல்லாம் ஒரே நிலையில் மூடிக் கிடந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்குமிழைக் கழற்றி ஊசியை மெதுவாக அழுத்தி விடுவித்தால் பல நேரம் சரியாகிவிடும்.

காற்றை வெளியேற்றும் முறை இது. முதலில் பாய்லரை நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் சுடுநீர் கையில் தெறிக்கும். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில், சதுர முனை கொண்ட சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதற்கென்றே ஒரு குட்டிச் சாவி உண்டு. கீழே ஒரு கிண்ணத்தையும், சுவரோடு ஒரு பழைய துணியையும் பிடித்துக்கொண்டு, சாவியை இடப்புறமாகக் கால் சுற்று அல்லது அரைச் சுற்று திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறும். ஒலி நின்று, தண்ணீர் சீராகக் கசியத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். திருகை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். தண்ணீரின் விசையில் அதை மறுபடி மாட்டுவது பெரும் போராட்டம், தண்ணீரும் கறுப்பாக இருக்கும், கம்பளமோ பெரும்பாலும் வெளிர்நிறமாக இருக்கும்.

இத்தோடு வேலை முடியவில்லை. காற்று போன இடத்தில் அழுத்தம் குறைந்திருக்கும். பாய்லரின் முகப்பில் ஓர் அழுத்தமானி இருக்கும். மூடிய வகை அமைப்புகளில், ஆறிய நிலையில் அது ஏறத்தாழ 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டுவது வழக்கம். சூடேறும்போது தண்ணீர் விரிவதால் 2 பார் பக்கம் ஏறலாம். குறைந்திருந்தால், நீர் நிரப்பும் வால்வைச் சற்றே திறந்து, முள் பச்சைப் பகுதிக்கு வந்ததும் மறவாமல் இறுக மூட வேண்டும். 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும். வீட்டைக் காப்பாற்ற வைத்திருக்கும் கடைசிக் காவல் அது.

அழுத்தம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை லேசாக இறங்குவது இயல்பு. வாரந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது விரிவுத் தொட்டி கெட்டுவிட்டது. விரிவுத் தொட்டிக்குள் ரப்பர்த் தடுப்புக்கு ஒருபுறம் காற்றும் மறுபுறம் தண்ணீரும் இருக்கும். சூடேறி விரியும் தண்ணீருக்கு அந்தக் காற்று மெத்தை இடம் கொடுக்கிறது. காற்று போய்விட்டால் அழுத்தமானியின் முள் சூட்டில் எகிறும், குளிரில் விழும். முள் அப்படித் துள்ளுவதைக் கண்டால் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இராமல் ஆளைக் கூப்பிடுங்கள். புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது, ஆக்சிஜன் இரும்பை அரிக்கிறது, அரிப்பு சேறாகிறது.

நீராவியால் இயங்கும் பழங்கால ரேடியேட்டர்களுக்கு இந்த முறை பொருந்தாது. சுடச்சுட ஆவி வரும் குழாயில் சாவியை வைத்துத் திருப்பாதீர்கள்.

ஹீட் பம்ப்: வெளியே நிற்பவரைக் கவனியுங்கள்

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் வெளி அலகைச் சுற்றி உதிர்ந்த இலை, படர்ந்த கொடி, காற்றில் வந்த குப்பை ஆகியவற்றை அகற்றி, எல்லாப் பக்கமும் அரை மீட்டருக்குக் குறையாத வெற்றிடம் விட வேண்டும். பனி குவியும் ஊர் என்றால் அலகு தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே உள்ள ஃபில்டர்களையும் கழுவியோ மாற்றியோ வையுங்கள். கோடையில் மட்டும் ஓடும் குளிர்சாதனத்தை மூடிவைப்பதுபோல், இதை உறைபோட்டு மூடும் நல்லெண்ணம் சிலருக்கு வருகிறது. குளிர்காலம் முழுவதும் உழைக்கப்போகிற இயந்திரத்தின் மூக்கைப் பொத்துவதற்கு அது சமம்.

இந்த இயந்திரத்தின் ஒரு நடத்தை புதியவர்களைப் பயமுறுத்துகிறது. ஈரமான குளிர்நாளில் வெளி அலகின்மேல் வெண்பனி படிகிறது. அதை உருக்க, இயந்திரம் சில நிமிடங்களுக்குத் தன் ஓட்டத்தையே தலைகீழாக்கி, வீட்டு வெப்பத்தில் கொஞ்சம் எடுத்து வெளியே விடுகிறது. அப்போது வெளி விசிறி நின்று, அலகிலிருந்து குபுகுபுவென ஆவி எழும். புகை என்று நினைத்துத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் பனி உருகாமல் கட்டிப் பனிக்கட்டியாக இறுகியிருந்தால் அது கோளாறு. அதைச் சுத்தியலால் தட்டிப் பெயர்க்க நினைக்காதீர்கள். உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் அட்டையைவிட மென்மையானவை.

புகையின் பாதை: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

இதுவரை சொன்னதில் பிழை செய்தால் பெரும்பாலும் குளிரும், அவ்வளவுதான். இனிச் சொல்லப்போவதில் பிழை செய்தால் உயிர் போகும்.

எரிவாயு, எண்ணெய், விறகு எதுவானாலும், போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. அதனால் காற்றில் சிறிதளவே இருந்தாலும் ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போய்விடும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி: காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல் போலத்தான் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போனால் குறைகிறது, திரும்பினால் மறுபடி வலிக்கிறது என்றால் மாத்திரையைத் தேடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, அவசர உதவியை அழையுங்கள்.

இந்த வாயு வீட்டுக்குள் வர இரண்டு பெருவழிகள். ஒன்று, முன்பு சொன்ன வெப்பமாற்றியின் விரிசல். அந்த உலோகச் சுவரின் ஒருபுறம் நெருப்பும் புகையும், மறுபுறம் நாம் சுவாசிக்கும் காற்று. விரிசல் விழுந்தால் இரண்டும் கலக்கலாம். இரண்டாவது, அடைபட்ட புகைபோக்கி. கோடையில் சும்மா இருந்த குழாய், பறவைகளுக்கும் அணில்களுக்கும் குளவிகளுக்கும் ஆயத்தமான வீடு. வெளியேற வழியில்லாத புகை, வந்த வழியே திரும்பும். அதனால் ஓட்டிப் பார்க்கும் முன்பே புகைக்குழாயின் வெளி முனையைப் பார்த்துவிடுங்கள். புதிய வகை இயந்திரங்களில் அது கூரையில் இராது. பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாயாக இருக்கும். பனி பெய்யும் நாட்களில் அதன் வாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விறகு எரிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்விக்க வேண்டும். அதன் உட்சுவரில் படியும் தார் போன்ற பசை, எளிதில் தீப்பற்றிக்கொள்ளக்கூடியது.

எரிவாயுக் கருவியின் சுடரைப் பார்க்க முடிந்தால் அது நீலமாக, நிலையாக இருக்க வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக அலைந்தாலோ, கருவியைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, எரிதல் சரியில்லை; நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் கண்ணை நம்பி இருந்துவிட முடியாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை ஒவ்வொரு தளத்திலும், குறிப்பாகப் படுக்கையறைகளுக்கு அருகில் பொருத்துங்கள். புகையை உணரும் கருவி இந்த வாயுவை உணராது. இரண்டும் வேண்டும், அல்லது இரண்டையும் செய்யும் ஒன்று வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிப்பெருக்கியும் மின்சுற்றும் உயிரோடு இருப்பது தெரியும். உள்ளிருக்கும் உணரியோ சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கருவியின் பின்புறத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். வகையைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. ஒருமுறை கழற்றி அதைப் படித்துவிடுங்கள். பலரும் இதைச் செய்வதே இல்லை.

நவீன இயந்திரங்களில் இன்னொரு பாதையும் உண்டு. புகையில் இருக்கும் நீராவியைக்கூடக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிழிந்தெடுக்கும் வகை இது. அப்படி ஆவி குளிர்ந்து உண்டாகும் தண்ணீர், ஒரு மெல்லிய குழாய் வழியே வடிகிறது. அது அழுக்கால் அடைந்தாலோ, வீட்டுக்கு வெளியே ஓடும் பகுதி உறைந்துபோனாலோ, இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். உறைந்த குழாயின்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் பல நேரம் விடுபடும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கலாம்.

தெர்மோஸ்டாட்: இயந்திரத்தின் முதலாளி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அந்நாளில் வகுப்பறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அறிய, பணியாளர் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்க வேண்டும், பாடம் தடைபடும். அறையின் வெப்பநிலை மாறினால் கீழே உலை இருக்கும் இடத்தில் மணியடிக்கும் மின்கருவியை உருவாக்கி, 1883இல் ஜான்சன் காப்புரிமை பெற்றார். இன்று மணியடித்து ஆளைக் கூப்பிடும் வேலை மட்டும் போய், கருவி நேரடியாக இயந்திரத்துக்கே கட்டளையிடுகிறது. அடிப்படை இன்றும் அதேதான்: அது ஒரு சுவிட்ச்.

சுவிட்ச் என்பதை மறந்தால் ஒரு பிழை செய்வோம். வீடு சீக்கிரம் சூடாகட்டும் என்று 21 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டியதை 30இல் வைப்போம். சாதாரண ஃபர்னஸோ பாய்லரோ இரண்டு நிலையிலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 30இல் வைத்தால் வேகமாகச் சூடாகாது; 21ஐத் தாண்டியும் நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஹீட் பம்பிலோ இந்த அவசரம் இன்னும் செலவு வைக்கும். திடீரென்று பல டிகிரி ஏற்றச் சொன்னால், அது தன்னால் தனியே முடியாது என்று கருதி, துணைக்கு இருக்கும் மின்சூடேற்றியை இயக்கிவிடும். எனவே ஹீட் பம்ப் உள்ளவர்கள் இரவில் வெப்பநிலையை மிகவும் இறக்கிக் காலையில் ஏற்றுவதைவிட, சீராக வைத்திருப்பதே பெரும்பாலும் மேல்.

எவ்வளவு வைப்பது என்பது அவரவர் வசதி. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுச் சுகாதார வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸைப் பாதுகாப்பான குறைந்த அளவாக முன்வைக்கிறது. கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். பேட்டரி உள்ள தெர்மோஸ்டாட் என்றால் ஆண்டுதோறும் குளிருக்கு முன் மாற்றிவிடுங்கள். காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரம்

ஓட்டிப் பார்க்கும் நாளில், தெர்மோஸ்டாட்டை அறை வெப்பநிலையைவிட மூன்று நான்கு டிகிரி கூட்டி வையுங்கள். ஃபர்னஸ் என்றால் சில நொடிகள் சின்ன விசிறி ஒன்று ஓடும், பிறகு நெருப்பு பற்றும், பிறகுதான் பெரிய விசிறி. இந்த இடைவெளி இயல்பானது. முதல் ஓட்டத்தில் பொசுங்கும் மணம் ஒன்று வரும். கோடையில் படிந்த தூசி கருகுவது அது. சன்னலைத் திறந்துவைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அது போகாமல் நீடித்தாலோ, பிளாஸ்டிக்கோ ரப்பரோ கருகும் நெடி வந்தாலோ நிறுத்திவிடுங்கள். எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்றே அழுகிய முட்டை போன்ற நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே போய், வெளியிலிருந்து தொலைபேசுங்கள்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். கிறீச்சென்ற ஒலி விசிறியின் பட்டையோ உருளைத் தாங்கியோ தேய்ந்ததைச் சொல்கிறது. பற்றும்போது டமாரென்று ஓர் அதிர்வு வந்தால், எரிவாயு தாமதமாகப் பற்றுகிறது. பர்னரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், அதை நீங்கள் தொடாதீர்கள். பாய்லர் கெண்டிபோலக் களகளத்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கலாம்.

நெருப்பு பற்றிச் சில நொடிகளிலேயே அணைந்து, மறுபடி முயன்று, மறுபடி அணைந்தால் பெரும்பாலும் குற்றவாளி சுடர் உணரி. சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி அது. நெருப்பு இருக்கிறதா என்று இயந்திரத்துக்குச் சொல்வது அதன் பொறுப்பு. அதன்மேல் மெல்லிய படலம் படிந்தால், நெருப்பு எரிந்துகொண்டிருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடும். இயந்திரமும் எரிவாயுவை அடைத்துவிடும். ஆண்டுப் பராமரிப்புக்கு வருபவர் இதைத் துடைத்து, பர்னரைச் சுத்தம் செய்து, எரிவாயு அழுத்தத்தை அளந்து, வெப்பமாற்றியில் விரிசல் தேடி, புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கருவியால் சோதிப்பார். எண்ணெயில் ஓடும் அமைப்பு என்றால் அதன் ஃபில்டரையும் தெளிப்பு முனையையும் மாற்றுவார். வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டால், எந்த அளவுகளை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல டெக்னீஷியன் எண்களைக் காட்டுவார்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவு, சன்னல் இடுக்குகளில் கையை வைத்துப் பாருங்கள். குளிர்காற்று கையில் பட்டால் ரப்பர்ப் பட்டை ஒட்டுவது எந்த இயந்திரப் பராமரிப்பையும்விட மலிவான வேலை. ஆனால் எரிபொருள் எரிக்கும் கருவி அறைக்காற்றையே எடுத்துக்கொள்ளும் வகை என்றால், அதற்காகச் சுவரில் விட்டிருக்கும் காற்றுத் துவாரத்தை மட்டும் குளிர் வருகிறதே என்று அடைத்துவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் சில நாட்கள் ஊருக்குப் போவதாக இருந்தால் சூடேற்றியை முழுதாக அணைக்க வேண்டாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. குழாய் அதைத் தாங்காது. 12, 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, வெளிச்சுவரை ஒட்டிய கழுவுதொட்டிகளின் கீழறைக் கதவுகளை, உள்ளிருக்கும் குழாய்களுக்குச் சூடு எட்டும்படி, திறந்துவைத்துவிட்டுப் போங்கள். வீட்டுக்குத் தண்ணீர் வரும் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். எங்கள் வீட்டில் அதன் கழுத்தில் சிவப்புத் துணியொன்றைக் கட்டி வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே ஒரு சீட்டில் கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதியும், தெர்மோஸ்டாட் பேட்டரி மாற்றிய தேதியும் எழுதியிருக்கின்றன.